இரத்தினம்மாவைத் தேடிய கணினி

மாத்தளை முத்துமாரியம்மன் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, அது எரிந்துகொண்டிருக்கும்போதே உள்ளங்கையால் அடித்துச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அம்மன் சாட்சி போதாது என்பவர்களுக்காக ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசியும் முடித்து வைத்திருக்கிறேன். அவர் வாசித்துப் பார்க்காமலே முத்திரை குத்தினார். அது அவருடைய வழக்கம். அதற்காக உண்மை குறைந்துபோய்விடாது.

2008ஆம் ஆண்டு. வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸிலிருந்து எல்லோரும் சோதனைச் சாவடியில் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, அந்தப் பக்கம் மறுபடி ஏறவேண்டும். சிலர் ஏறுவார்கள், சிலர் ஏறமாட்டார்கள். ஒரு திங்கட்கிழமை காலை ஏறாதவர்களில் ஒருவன் தயாபரன்.

தயாபரன் என் பக்கத்து வீட்டுச் செல்வரத்தினத்தின் ஒரே மகன். கண்டியில் ஒரு கடையில் மூக்குக் கண்ணாடிக்குச் சட்டம் பூட்டுகிற வேலை. பிறந்தது முதல் எங்கள் ஒழுங்கையில்தான் ஓடித் திரிந்தான் என்று எழுத ஆசைதான். ஆனால் சத்தியம் செய்துவிட்டேன். முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில் என்பது முறை என்பதால் தவமணிதேவி சுன்னாகத்துக்குப் போய்ப் பெற்றுக்கொண்டு, துடக்குக் கழித்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். அந்த ஒரு மாதம்தான் பையன் வடக்கில் இருந்தது. அடையாள அட்டையில் பிறந்த இடமாக ஏறியிருந்ததும் அந்த ஒரு மாதம்தான்.

அவனைக் கொண்டுபோய் வைத்த பொலிஸ் நிலையத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். கண்டிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. மரியாதையான மனிதர். செல்வரத்தினம் நில அளவைக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கேட்டதும் கதிரை போடச் சொன்னார். பையன் மாத்தளைக்காரன் என்பது தன் கண்ணுக்கே தெரிகிறது, ஆனால் தன் கண்ணுக்குத் தெரிந்தால் போதாது, கணினிக்குத் தெரியவேண்டும் என்றார். கிராம சேவகர் கையால் எழுதுகிற கடிதம் இப்போது செல்லாதாம். மாத்தளையில் இதற்கென்றே ஒரு கணினி நிலையம் திறந்திருக்கிறார்களே, அங்கிருந்து வதிவுப் பத்திரம் ஒன்று அடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பகலுக்குள் வந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம். வராவிட்டால், பத்திரம் இல்லாதவர்களை ஏற்றிக்கொண்டு தெற்கே ஒரு வண்டி போகும்.

தெற்கே எங்கே என்று செல்வரத்தினம் கேட்டார். அது தன் கையில் இல்லை என்றார் ஓ.ஐ.சி.

மகனைப் பார்க்க விடவில்லை. சோற்றுப் பார்சல் கொண்டுவந்தால் ஜன்னலில் இருக்கிற சார்ஜன் வாங்கிக்கொள்வார் என்றார்கள். சார்ஜன் பார்சலை வாங்கினால் பையன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு செய்தியும் கிடைக்காது. அன்றிலிருந்து தவமணிதேவி விடியமுன் எழும்பிச் சோறு கட்டத் தொடங்கினார்.

செல்வரத்தினம் என்னை உடன் வரச் சொன்னார். நான் வயதானவன், வேலை இல்லாதவன், எந்த வரிசையிலும் நிற்கக்கூடியவன். நாங்கள் கணினி நிலையத்துக்குப் போனோம். மேல்மாடி. இப்போது அங்கே செருப்புக் கடை இருக்கிறது; தேடிப் போகவேண்டாம்.

நிலையத்தின் பணிப்பாளர் ஜெயரட்ணம். வருகிறவர்களை வாசலில் நிறுத்தி முதலில் யந்திரத்தைக் காட்டுவார். கண்ணாடி அறைக்குள், குளிர் போட்டு, மேலே பிள்ளையார் படம் வைத்து, மாலை போட்டு ஒரு கறுப்புப் பெட்டி. சுற்றி ஒன்பது மேசை, ஒன்பது கதிரை, ஒன்பது உத்தியோகத்தர்.

“கண்ணுக்குத் தெரியிறது ஒரு மெஷின். ஆனா உள்ளுக்குள்ள ஒன்பது மெஷின் ஓடுது. மாயாஜாலம் இல்ல, டெக்னோலொஜி. முதல்ல ஒன்பது உத்தியோகத்தருக்கு அனுமதி வந்துச்சு. பிறகு ஒன்பது கதிரை வந்துச்சு. மெஷினுக்கு மட்டும் ஒண்ணுக்குத்தான் அனுமதி. ஆள வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அதனால உள்ளுக்குள்ள ஒன்பதாக்கினோம். இல்லாத மெஷினுக்கு இருக்கிற ஆளப் போட்டு நடத்துற முதல் நிலையம் இதுதான்,” என்றார்.

எனக்கு விளங்கிய அளவுக்குச் சொல்கிறேன். அந்தப் பெட்டியின் வயிற்றில் ஒரு வட்டு இருக்கிறது. அதுதான் அலுமாரி. மாவட்டத்து ஆட்களெல்லாம் அதில் அடுக்கியிருக்கிறார்கள். ஒன்பது மாய யந்திரங்களும் ஒன்றின் சாமானை ஒன்று எடுக்காமலிருக்க, அலுமாரியை ஒன்பது தட்டாகத் தடுத்து, தட்டுக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறார்கள். காலையில் மாய யந்திரம் கண் விழித்ததும் தன் தட்டின் பெயரைச் சொல்லித் தேடும், கண்டால் திறக்கும். அந்தப் பெயரைத் தவிர அதற்கு வேறு ஒன்றும் தெரியாது.

பெட்டியை விற்ற கொம்பனியின் ஆள் ரவூப், தட்டுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் முதலில் பெயர் வைத்தாராம். ஒன்பதாம் தட்டுக்காரராக இருக்க ஒரு உத்தியோகத்தரும் சம்மதிக்கவில்லை. எட்டும் வேண்டாம் என்றார்கள். இருபது வருடம் சேவை செய்தவர் எப்படி ஏழாகலாம் என்று தொழிற்சங்கம் கேட்டது. பணிப்பாளர் யோசித்து ஒரு முடிவு எடுத்தார். கந்தோரில் ஒருவருடைய இடம் எது என்பதற்கு மேசையிலுள்ள பெயர்ப்பலகைதானே அடையாளம். அதே பெயரை வட்டிலும் வைத்தால் என்ன? நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கு ஏற்றி, பாற்சோறு வெட்டி, ஒன்பது தட்டுக்கும் ஒன்பது பேரின் பெயர் சூட்டினார்கள். முதலாம் தட்டு பணிப்பாளருடையது. பதவிக்கு ஏற்ப அது மற்ற எட்டையும் சேர்த்தாலும் வராத அளவு பெரியது. அதில் அவருடைய விபரத்தைத் தவிர வேறு ஒருவரையும் வைக்கவில்லை. பெரியவர் இருக்கும் இடத்தில் நெரிசல் கூடாது.

எங்கள் ஒழுங்கை ஆட்கள் எல்லோரும் மூன்றாம் தட்டில் இருந்தோம். அதற்குப் பொறுப்பு இரத்தினம்மா. அந்த விழாவிலே பணிப்பாளர் பேசிக்கொண்டிருந்தபோது இரத்தினம்மா தும்மினார். அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவருக்குப் பல்லேகமவுக்கு இடமாற்றம் வந்தது என்று மட்டும் சொல்கிறேன். அவர் இடத்துக்கு ஹுசைன் வந்தார். அவர் கடமை ஏற்ற அன்றைக்கே மேசையில் பலகை மாறியது. வட்டிலும் பெயர் மாறியது. எல்லோருக்கும் அறிவித்துக் கடிதம் போனது. யந்திரத்துக்கு மட்டும் ஒருவரும் அறிவிக்கவில்லை.

ஆகவே மூன்றாவது மாய யந்திரம் தினமும் காலையில் எழுந்து இரத்தினம்மாவைத் தேடியது. ஹுசைன் என்றொரு தட்டு இருக்கக் கண்டு, இது நம்முடையதில்லை என்று கௌரவமாகத் திரும்பிவந்தது.

செல்வரத்தினம் போய் ஹுசைனின் முன்னால் உட்கார்ந்து மகனின் பெயரைச் சொன்னார். ஹுசைன் தட்டிப் பார்த்தார்.

“இரத்தினம்மா இல்லயாம் ஐயா.”

“நான் இரத்தினம்மாவக் கேக்கல்ல தம்பி. என் மகனக் கேக்கிறேன்.”

“மகன் இரத்தினம்மாகிட்டத்தான் இருக்காரு.”

செல்வரத்தினம் என்னைத் திரும்பிப் பார்த்தார். மகன் பொலிஸில் இருப்பதாக அல்லவா காலையில் நம்பிக்கொண்டிருந்தோம் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ரவூப்பைக் கூப்பிட்டார்கள். பளபளப்பான சப்பாத்தும் கழுத்தில் டையுமாக வந்தார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது “முடியுங்க சேர்” என்ற இரண்டு சொற்கள்தான். ஒரு நிமிடத்துக்குத் தட்டின் பெயரைப் பழையபடி இரத்தினம்மா என்று மாற்றினால் யந்திரம் திறந்துவிடும், பத்திரத்தை அடித்துக்கொண்டு மறுபடி ஹுசைன் என்று வைத்துவிடலாம் என்றார். செல்வரத்தினம் எழுந்து நின்றுவிட்டார். பணிப்பாளர் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

“ரவூப் சொல்றது டெக்னிக்கலாச் சரி. நிர்வாகத்துல பெரிய பிழை. ஹுசைன்ட எடத்துல இரத்தினம்மாட பேரப் போட்டா, அந்த ஒரு நிமிஷத்துக்கு ஹுசைன் யாரு? அந்த நிமிஷத்துல அவர் மௌத்தாப் போனா, பென்ஷன் யாருட குடும்பத்துக்கு?”

ஹுசைன் திடுக்கிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

“எனக்கு மகன் வேணும் சேர்,” என்றார் செல்வரத்தினம்.

“எல்லாருக்கும் மகன் வேணும் மிஸ்டர் செல்வரத்தினம். முறையா வரணும்.”

வெளியே வந்து படிக்கட்டில் நின்று செல்வரத்தினம் ஹுசைனின் கையைப் பிடித்தார். ஒரே ஒரு மணித்தியாலம் இரத்தினம்மாவாக இருந்து உதவமுடியுமா என்று கேட்டார். வாழ்க்கையில் ஒரு கோட்டைக்கூடக் கோணலாக வரையாத மனிதர் அப்படிக் கேட்டதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹுசைன் நல்ல மனுஷன். தனக்கு ஆட்சேபணை இல்லை, வீட்டில் மனைவி ஹமீமாவிடமும் சொல்லிவிடலாம், ஆனால் ஒரு ஆண் உத்தியோகத்தர் பெண் உத்தியோகத்தராகக் கடமையாற்றினால் எந்தச் சுற்றுநிருபம் பொருந்தும் என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்றார். பதில் வர மாதக்கணக்காகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மறுநாள் எங்கள் ஒழுங்கையே கிளம்பியது. தேநீர்க் கடை ஸக்கரியா நானா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தையல்கார நேசம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர்கள், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர்கள், கிரிக்கெட் பந்தால் ஜன்னல் உடைபட்டவர்கள் எல்லோரும் மாடியேறி, தயாபரன் மாத்தளைக்காரன்தான் என்று சாட்சி சொல்ல நின்றோம். ஸக்கரியா நானா, உடைந்த கண்ணாடித் துண்டைக்கூடக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பணிப்பாளர் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, ஹுசைனிடம் கொடுத்துத் தேடச் சொன்னார். ஒன்றும் அகப்படவில்லை. நாங்கள் எல்லோரும் இரத்தினம்மாவிடம் இருந்தோம்.

பணிப்பாளர் உண்மையிலேயே மனம் வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன்.

“நீங்க இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. எனக்குத் தெரியிது. ஆனா ரெக்கோட்படி நீங்க ஒருத்தரும் இல்ல. இல்லாத ஆக்கள் வந்து இல்லாத ஒருத்தருக்குச் சாட்சி சொன்னா, நான் அத எங்க பதியிறது?”

ஸக்கரியா நானா கண்ணாடித் துண்டை மேசையில் வைத்தார்.

“அப்ப இத ஒடச்சது யாரு சேர்?”

பணிப்பாளர் அதைப் பார்த்தார். அது தன்னுடைய விடயப் பரப்பில் வராது என்றார். நாங்கள் படியிறங்கும்போது, இல்லாதவர்கள் இறங்குகிறோம் என்று தெரிந்ததாலோ என்னவோ, காவற்காரர் எழுந்து வழிவிடவில்லை.

ஆனால் செல்வரத்தினம் இறங்கவில்லை. அவர் பணிப்பாளரின் வாசலிலேயே நின்றார். பணிப்பாளர் மதியச் சாப்பாட்டுக்குப் போனார், வந்தார்; அவர் நின்றார். கடைசியில் பணிப்பாளர் ஒரு வழி சொன்னார். பெயரை மாற்றமுடியாது. ஆளைக் கொண்டுவரலாம். இரத்தினம்மாவைத் தற்காலிகக் கடமைக்கு இங்கே அழைத்துக் கட்டளை போட்டால், அவருடைய பலகையை வைக்கலாம். பலகை வைத்தால் தட்டுக்கும் அவர் பெயரைக் கொடுக்கலாம். கொடுத்தால் யந்திரம் திறக்கும். கட்டளை தபாலில் போனால் அடுத்த மாதம் போய்ச்சேரும். விரும்பினால் நீங்களே கையில் கொண்டுபோகலாம் என்றார். செல்வரத்தினம் அவருக்குக் கைகூப்பினார். அதற்காகவும் நான் அம்மன் மீது சத்தியம் செய்யத் தயார்.

புதன்கிழமை விடியற்காலை நாங்கள் பல்லேகம பஸ் ஏறினோம். கண்டிக்குப் பார்சலைத் தவமணிதேவியே கொண்டுபோனார். இரத்தோட்டையைத் தாண்டி மலையில் ஏற ஏறப் பனிமூட்டம் வந்து பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டது. ஒரு வளைவில் இறங்கித் தள்ளவேண்டியிருந்தது. செல்வரத்தினத்தின் காலில் அட்டை ஏறி இரத்தம் ஓடியது, அவர் கவனிக்கவில்லை. வழி முழுக்கச் சட்டைப் பையிலிருந்து மகனின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். பரீட்சைக்கு எடுத்த படம். காது இரண்டும் தெரியவேண்டும் என்று பின்னால் வாரிவிட்ட தலை.

பல்லேகமவில் இரத்தினம்மாவின் கந்தோர் ஒரு தனி அறை. மேசை, கதிரை, பெயர்ப்பலகை, மூலையில் யாரோ ஒரு விவசாயி மழைக்குக் கொண்டுவந்து வைத்த நெல் மூட்டைகள். யந்திரம் இல்லை. மின்சாரமும் நினைத்த நேரத்துக்கு வருமாம். செல்வரத்தினம் தன் கதை முழுவதையும் சொன்னார். அவர் மகனைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் இரத்தினம்மா தலையை ஆட்டினார். யந்திரத்தைப் பற்றிச் சொன்னபோது அசையாமல் இருந்தார்.

“இன்னும் என்னத் தேடுதா?”

“தினமும் காலைல தேடுதாம் அம்மா.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் இங்க வந்த பிறகு கந்தோர்ல இருந்து ஒருத்தர் போன் எடுத்து, இருக்கியா செத்தியான்னு கேக்கல்ல. அது தேடுதா.”

பிறகு எழுந்து தன் பலகையை எடுத்து ஒரு துவாயில் சுற்றிக்கொண்டார். மூட்டைகளை ஒருவரும் தொடக்கூடாது என்று கதவைப் பூட்டினார். மாலை பஸ்ஸில் எங்களோடு ஏறினார். திரும்பும் வழியில் செல்வரத்தினம் முதன்முறையாகச் சிரித்தார். இரத்தினம்மா பலகையை மடியில் வைத்து, குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் தவமணிதேவி நின்றார். சார்ஜன் பார்சலை வாங்கிக்கொண்டார் என்று சொன்னார். அன்று அந்த வீட்டில் விளக்கு எரிந்ததே ஒரு அழகாக இருந்தது.

வியாழக்கிழமை காலை நாங்கள் போகும்போது நிலையத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரத்தினம்மாவை வரவேற்கத்தான் என்று நினைத்து நான் செருப்பைக் கழற்றினேன். அப்படி இல்லை. எங்கள் விடயத்தினால் பணிப்பாளர் மிகவும் யோசித்திருக்கிறார். உத்தியோகத்தர்கள் வருவார்கள், போவார்கள். மாறாதது பணிப்பாளர் பதவி ஒன்றுதான். ஆகவே இனி ஒருபோதும் இந்தக் குழப்பம் வராதபடி ஒன்பது தட்டுகளுக்கும் ‘பணிப்பாளர்’ என்று ஒரே பெயரை வைக்கும்படி கட்டளையிட்டார். ஒன்பது மாய யந்திரங்களுக்கும் அந்தப் பெயரையே சொல்லிக் கொடுக்கும்படியும் கட்டளையிட்டார். இப்படி ஒரு பெயரை இரண்டு தட்டுக்கு வைக்க எந்த யந்திரமும் சம்மதிக்காதாம். ரவூப் முடியுங்க சேர் என்று சொல்லி, அதையும் சம்மதிக்க வைத்துவிட்டார். அன்று காலை நல்ல நேரத்தில் காரியம் முடிந்திருந்தது.

அதன் பிறகு நடந்தது இதுதான். ஒன்பது யந்திரங்களும் எழுந்து ‘பணிப்பாளர்’ என்ற தட்டைத் தேடின. முதலில் எதிர்ப்பட்ட தட்டிலேயே ஒன்பதும் போய்ப் புகுந்துகொண்டன. முதலாவது தட்டு. அந்தப் பெரிய தட்டு. ஒரே ஒருவர் மட்டும் வசித்த தட்டு.

யட்டவத்தயிலிருந்து நோனா என்றொரு பெண் கைக்குழந்தையோடு வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றாள். குழந்தையின் பதிவு வேண்டுமாம். அடித்துக் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள். பெயர் ஜெயரட்ணம். ஆண். விவாகமானவர். பதவி பணிப்பாளர். ஓய்வுபெற இன்னும் சொற்ப காலமே உண்டு. அவள் குழந்தையின் துணியை விலக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? நல்ல உத்தியோகம் என்றேன்.

வரிசையில் நின்ற எல்லோரும் ஜெயரட்ணம் ஆனார்கள். எண்ணெய் ஆலைக்காரர் ஆனார். ஒரு பிக்குவும் ஆனார். பணிப்பாளர் ஒவ்வொரு மேசையாகப் போய் அடித்த பத்திரங்களைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இந்த நிலையம் தொடங்கின நாள்ல இருந்து இன்னைக்குத்தான் ஒரு பிழையும் காட்டல்ல. இல்லன்னு ஒருத்தரையும் அனுப்பல்ல. யாரக் கேட்டாலும் பதில் வருது. பதில் சரியா பிழையாங்கிறது வேற திணைக்களம்.”

செல்வரத்தினம் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, யந்திரத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். இவன்தான், பாருங்க, இவன்தான் என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு மினுங்கியது. அது எப்போதும் அப்படித்தான் மினுங்குமாம்.

இரத்தினம்மா துவாயைப் பிரித்துப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“இப்ப என்னத் தேடல்லயா?”

“இல்லம்மா,” என்றார் ஹுசைன். “இப்ப அது ஒருத்தரயும் தேடல்ல.”

அவர் பலகையை மறுபடி சுற்றிக்கொண்டு பல்லேகம பஸ்ஸுக்குப் போனார்.

செல்வரத்தினத்துக்கும் ஒரு பத்திரம் அடித்துக் கொடுத்தார்கள். கோரப்பட்ட நபரின் வதிவு உறுதிப்படுத்தப்படுகிறது, அவர் பெயர் ஜெயரட்ணம், மாத்தளை அரச விடுதியில் வசிப்பவர் என்று மூன்று மொழியிலும் இருந்தது. பணிப்பாளர் தாமே கையொப்பமிட்டார். தன் பெயர் சரியாக விழுந்திருப்பதாகச் சொல்லி மகிழ்ந்தார்.

வெள்ளிக்கிழமை வேறு கடதாசி இல்லாததால் அதைத்தான் கொண்டுபோனோம். ஓ.ஐ.சி. வாங்கி வாசித்தார். இரண்டாம் முறை வாசித்தார். பிறகு தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அரசாங்கக் கணினி சொல்கிறது, கூண்டில் இருப்பவர் ஒரு பணிப்பாளர் என்று. அவரே கூண்டின் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

தயாபரன் வெளியே வந்தான். மெலிந்திருந்தான். தாடி முளைத்திருந்தது. ஓ.ஐ.சி. அவனுக்கு விறைப்பாக நின்று சலூட் அடித்து, சேர் முதல்லயே சொல்லியிருக்கலாமே என்று வருத்தப்பட்டார். நான் தயாபரன் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்; செல்வரத்தினம் அவன் காலை மிதித்தார். சார்ஜன் பிளேன்டீயும் பணிஸும் கொண்டுவந்தார். ஒரு பணிப்பாளரைப் பஸ்ஸில் அனுப்புவது முறையில்லை என்று ஜீப் எடுத்தார்கள். தயாபரன் முன்னால், நாங்கள் பின்னால். சாவடிகளில் குறுக்குத் தடியை உயர்த்திச் சலூட் அடித்தார்கள். நாங்களும் திருப்பி அடித்தோம். ஜீப் எங்கள் ஒழுங்கையில் திரும்பியது. ஸக்கரியா நானா தேநீரை ஆற்றிய கையை மேலேயே வைத்துக்கொண்டு நின்றார். நேசம்மா தையல் மெஷினை மிதிக்க மறந்தார். தவமணிதேவி அகப்பையோடு ஓடிவந்து, மகனின் முகத்தைத் தடவி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார்.

அதே நேரத்தில் கண்டியில் ஒரு கூட்டத்துக்குப் போன பணிப்பாளரைச் சாவடியில் இறக்கியிருக்கிறார்கள். ஜெயரட்ணம் சற்றுமுன்தான் ஜீப்பில் போனார், நீ யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பெருமையோடு, என் நிலையத்துக்குப் போன் எடுத்துக் கேளுங்கள் என்றாராம். எடுத்தார்கள். ஹுசைன் தட்டிப் பார்த்து, ஆமாம், அவர் ஜெயரட்ணம்தான் என்றார். ஆனால் மாத்தளையில் இன்று எல்லோரும் ஜெயரட்ணம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். பணிப்பாளரைத் தயாபரன் இருந்த கூண்டிலேயே வைத்தார்கள். தவமணிதேவி அன்று கட்டிக் கொடுத்திருந்த சோற்றைச் சார்ஜன் அவரிடம் கொடுத்தார். கத்தரிக்காய்க் குழம்பு மிக நன்றாக இருந்தது என்று அவர் பின்னால் பலரிடமும் சொல்லியிருக்கிறார்.

இதைச் செல்வரத்தினத்துக்கும் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பார். ஜீப் ஒழுங்கையில் திரும்புகிற கட்டம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்துவார்.

“அந்த எடத்த இன்னொருக்காச் சொல்லுங்கண்ணே.”

சொல்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜன்னலில் இருந்த சார்ஜன் எங்கள் பார்சலை வாங்கவில்லை. தயாபரன் இன்றுவரை வீடு வந்து சேரவில்லை.